கழுத்துதான் பாக்கி

காலை ஒன்பதரை மணிக்கு டெக்னீஷியன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். வார்டுக்குள் போகும்போது செருப்பின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை ஒன்று இன்னும் இடது காலிலேயே இருந்தது. கையில் நாலாம் அறையின் பதிவுத்தாள்.

"மேடம், நாலாம் ரூம் இறங்கல."

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி பென்சிலைக் கீழே வைத்தார். அந்த மருத்துவமனையில் கதிர்வீச்சு இருக்கும் இடமெல்லாம் அளந்து, யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. பதவியின் முழுப்பெயர் கதவில் மூன்று வரிக்கு எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை. எது நடந்தாலும் "நிதானமா பார்ப்போம்" என்றே ஆரம்பிப்பார் என்பதால் எல்லாருக்கும் அவர் நிதானம் மேடம். அவரிடம் எட்டு வருஷமாக வேலை பார்க்கும் டெக்னீஷியனுக்கும் வார்டில் ஒரு பெயர் உண்டு. அவசரம். அப்படிக் கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

"உக்காருங்க. முதல்ல அந்தக் கால் உறையைக் கழட்டுங்க."

நாலாம் அறையில் இருந்தவர் ஒரு தையல்காரம்மா. வயது முப்பத்தெட்டு. தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் என்று இரண்டு மாதத்துக்கு முன் கழுத்தில் அறுவை செய்து சுரப்பியை எடுத்திருந்தார்கள். எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தையும் தீர்த்துவிட, மூன்று நாளைக்கு முன் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை விழுங்கியவரின் உடம்பே சில நாளைக்குக் கதிர் வீசும். அதனால் ஈயத்தகடு பதித்த கதவுக்குப் பின்னால் தனி அறை. மருந்து சிறுநீரிலும் வியர்வையிலும் எச்சிலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். தினமும் காலையில் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து கருவியால் அளப்பார்கள். எண் இருபதுக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குப் போகலாம்.

தாளில் நான்கு எண்கள் இருந்தன. மாத்திரை விழுங்கியதும் நூற்று ஐம்பத்திரண்டு. மறுநாள் காலை அறுபத்திரண்டு. அதற்கு மறுநாள் முப்பது. இன்றைக்குப் பதினான்கு, பதினைந்து என்று வந்திருக்க வேண்டும். இருபத்தொன்பது என்று வந்திருந்தது.

"மூணு தடவை பார்த்தேன். அதேதான்" என்றார் டெக்னீஷியன். "டாக்டர்கிட்ட காட்டினேன். நுரையீரல்ல எங்கயாவது பரவியிருந்தா, மருந்து அங்க போய்த் தங்கியிருக்கும்ங்கறாரு. மத்தியானம் ஸ்கேன் பார்க்கணுமாம். நேத்து அந்தம்மா கழுத்து வலின்னு வேற சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன வார்த்தையையே சொல்லுங்க."

டெக்னீஷியன் யோசித்தார். அறைக்கு வெளியே இருந்து பேசும் ஒலிபெருக்கியில் அவர் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அந்த அம்மா வேறு ஏதோ ஞாபகத்தில் பதில் சொன்னது நினைவுக்கு வந்தது.

"'கை ரெண்டும் முடிஞ்சுது, கழுத்துதான் பாக்கி'ன்னாங்க. கைவலி போயிடுச்சு, கழுத்துவலி இருக்குன்னு தாள்ல எழுதி வெச்சேன்."

"அதுக்கு முன்னாடி கைவலின்னு எப்பவாவது சொன்னாங்களா?"

டெக்னீஷியன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்ல."

"சரி. இன்னைக்கு எப்படி அளந்தீங்க?"

"எப்பவும் போலத்தான். மீட்டரை நிறுத்தி வெக்கிற முக்காலி ஸ்டாண்டு ஸ்கேன் ரூமுக்குப் போயிருக்கு. அதனால சாப்பாட்டு மேசையை இழுத்து, அது மேல மீட்டரை வெச்சேன். தரையில போட்ட கோட்டுக்கு நேராத்தான் வெச்சேன், மேடம்."

முந்தின நாள் மாலை அந்த அம்மாவிடம், நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம் என்று வாய் பொறுக்காமல் சொல்லிவிட்டு வந்தவரும் டெக்னீஷியன்தான்.

"நிதானமா பார்ப்போம்" என்று நிதானம் மேடம் எழுந்தார். "இதுல சந்தேகப்பட வேண்டியவங்க நாலு பேர். மீட்டர், கோடு, பக்கத்து ரூம், கடைசியா அந்தம்மா உடம்பு. மூணு பேரை விசாரிக்காம நாலாவது ஆள் மேல பழி போடக்கூடாது."

நடையில் தையல்காரம்மாவின் கணவர் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு அழைத்துப் போக எட்டு மணிக்கே வந்துவிட்டார். இவர்களைக் கண்டதும் எழுந்தார். டாக்டர் முகத்தை அவரும் பார்த்திருந்தார்.

"கொஞ்ச நேரம் குடுங்க. என்னன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் நிதானம் மேடம்.

"பாப்பாவுக்குத் திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது, மேடம். முதல் நாளு. அதுக்குள்ள வந்துருவேன்னு இவ சொல்லிட்டு வந்தா. எத்தனை நாள் தள்ளி நின்னு பார்க்கணும்னாலும் பரவாயில்ல, வாசல்ல அம்மா நின்னா போதும்னு பிள்ளை சொல்லுது."

டெக்னீஷியன் வேறு பக்கம் பார்த்தார். அவர் வீட்டிலும் அந்த வயதில் ஒன்று இருந்தது.

முதலில் கருவி. நடையின் கோடியில், யாரும் இல்லாத இடத்தில் அதை இயக்கினார்கள். முள் அசையக்கூட இல்லை. கருவியில் கறை ஒட்டியிருந்தால் அங்கேயும் எண் காட்டியிருக்கும். ஒரு சந்தேகம் கழிந்தது. பக்கத்து மூன்றாம் அறையில் இருந்தவர் நேற்றே வீட்டுக்குப் போய்விட்டார், அறை காலி. இரண்டாவது சந்தேகமும் கழிந்தது.

துணிகளை மாற்றும் லினன் அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருபது வருஷமாக அந்த நடையில் இருப்பவர். யாரையும் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

"நாலாம் ரூம் படுக்கை எப்ப மாத்தினீங்க, அக்கா?"

"இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு. மூணாவது நாள்ல மாத்துறதுதானே வழக்கம். விரிப்பை எடுத்தேன். தலையணைகிட்ட போனேன், அந்தப் பிள்ளை பாஞ்சு வந்து, 'நானே உறையைக் கழட்டித் தர்றேன்'னு பிடிச்சுக்கிச்சு. என்னைக் கதவுப் பக்கம் நிக்கச் சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டுக் கழட்டுச்சு. உறையில எச்சில் கிச்சில் பட்டிருக்கும்னு வெக்கம் போலன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வாங்கிட்டு வந்துட்டேன். உறைதான் மீட்டர்ல கொஞ்சம் ஜாஸ்தியா கத்துச்சு. தூங்குறப்ப வாய் வடியாதா என்ன."

கையுறையும் கால் உறையும் மாட்டிக்கொண்டு இருவரும் நாலாம் அறைக்குள் போனார்கள். சின்ன அறை. கட்டில், குளியலறைக் கதவு, திறக்காத ஜன்னல், சுவரோரம் ஒரு நாற்காலி. அதில் தையல்காரம்மா பச்சை நிற மருத்துவமனை உடையில் உட்கார்ந்திருந்தார். தரையில் ஒட்டிய மஞ்சள் கோட்டில், சக்கரம் வைத்த சாப்பாட்டு மேசை காலையில் விட்ட இடத்திலேயே நின்றது. தட்டு வைக்கும் பலகைக்கு அடியில் ஒரு சின்ன இழுப்பறை.

"பரவிடுச்சா, மேடம்?" என்று தையல்காரம்மா நேராகக் கேட்டார். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட கேள்வி போல இருந்தது. "இருந்தா சொல்லிடுங்க. ஒளிக்காதீங்க."

"எனக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

நிதானம் மேடம் இரும்பு டேப்பை எடுத்து நாற்காலியிலிருந்து கோடு வரை அளந்தார். சரியாக ஒரு மீட்டர். மூன்றாவது சந்தேகமும் கழிந்தது. மிச்சம் இருந்தது உடம்பு மட்டும்தான்.

கருவியை மேசை மேல் வைத்தார்கள். இருபத்தொன்பது.

"இப்ப மேசையை, மேல இருக்கற கருவியோட சேத்து, இன்னொரு மீட்டர் தூரம் பின்னால இழுங்க" என்றார் நிதானம் மேடம்.

டெக்னீஷியன் இழுத்தார். எண் இறங்கியது. பதினெட்டரையில் நின்றது. அவர் அதைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மேடம் அந்த அம்மாவின் தோளையே ஒரு நொடி பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். பச்சைத் துணியில் நீல நூல் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தளவுகூட இருக்காது.

"போதும். டாக்டரையும் உங்க வீட்டுக்காரரையும் கூப்பிடலாம்" என்றார் நிதானம் மேடம். "லினன் அக்காவும் வரட்டும்."

கதவு திறந்திருந்தது. வாசலில் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கு வெளியே டாக்டர், கணவர், லினன் அக்கா மூவரும் நின்றார்கள். டாக்டர் நல்ல மனிதர், ஆனால் அன்று அவருக்கு இன்னும் பதினோரு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

"ஸ்கேனைத் தள்ளிப் போடச் சொல்றீங்களா, மேடம்?"

"வேண்டாம், டாக்டர். எப்படியும் எடுக்க வேண்டியதுதானே. ஆனா அதுக்காக இவங்க மத்தியானம் வரைக்கும் பயந்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம்னுதான் கூப்பிட்டேன்." அவர் கணவர் பக்கம் திரும்பினார். "கதிர் வெளிச்சம் மாதிரிங்க. விளக்குகிட்ட இருந்து ரெண்டு மடங்கு தள்ளிப் போனா வெளிச்சம் பாதியாகாது, நாலுல ஒரு பங்காயிடும். இவங்க உடம்புல இருந்து ஒரு மீட்டர்ல இருபத்தொன்பதுன்னா, ரெண்டு மீட்டர்ல எவ்வளவு இருக்கணும்?"

கணவர் விரலை மடக்கினார். "ஏழு. ஏழே கால்."

"பதினெட்டரை காட்டுச்சு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"உடம்பை விட்டுத் தள்ளிப் போனேன். ஆனா எதுவோ ஒண்ணு என்னை விட்டுத் தள்ளிப் போகல, கூடவே வந்துச்சு" என்றார் நிதானம் மேடம். "நான் தள்ளினப்ப கூட வந்தது மேசை ஒண்ணுதான். கூடவே வந்த பங்கு மாறாது, உடம்போட பங்கு நாலுல ஒண்ணாயிடும். கணக்குப் போட்டா, உடம்புக்குப் பதினாலு. மேசைக்குப் பதினஞ்சு."

"பதினாலுன்னா..." என்று டெக்னீஷியன் ஆரம்பித்தார்.

"இருபதுக்குக் கீழதான்." மேடம் தையல்காரம்மாவைப் பார்த்தார். "கொஞ்சம் குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறீங்களா?"

அவர் போனார். நாற்காலி காலியானது. மேசை மேலிருந்த கருவி, காலி நாற்காலியைப் பார்த்தபடியே, பதினைந்து என்றது.

லினன் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "ஆளே இல்லாம கத்துதே."

குளியலறைக் கதவு திறந்தது. தையல்காரம்மா வாசலிலேயே நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இழுப்பறையைத் திறக்கறது என் வேலை இல்ல" என்றார் நிதானம் மேடம் மெதுவாக. "நீங்களே திறந்தா நல்லது. யாரும் உங்களைத் திட்டப் போறதில்ல."

இழுப்பறையில் சாப்பாட்டோடு வந்த காகிதக் கைக்குட்டைகளுக்கு அடியில், நாலாக மடித்த நீலத்துணி இருந்தது. தையல்காரம்மா அதை விரித்தார். ஐந்து வயதுப் பெண் பிள்ளைக்கான பள்ளிச் சீருடை. இரண்டு கையும் தைத்து முடிந்திருந்தன. கழுத்து மட்டும் மடித்துத் தைக்காமல் பிசிறோடு இருந்தது. ஊசி அதிலேயே குத்தியிருந்தது.

"கழுத்துதான் பாக்கி" என்று டெக்னீஷியன் தனக்குள் சொல்லிக்கொண்டார். தன் கையெழுத்தில் தாளில் இருந்த 'கழுத்துவலி' அவரைப் பார்த்துச் சிரித்தது.

"வெளியில இருந்து எதுவும் கொண்டு வரக்கூடாதுன்னு சொன்னாங்க" என்றார் தையல்காரம்மா. "தெரிஞ்சேதான் கொண்டு வந்தேன். ஊசி நூலோட துணியை மடிச்சு உள்ளாடைக்குள்ள வெச்சுக்கிட்டு வந்தேன். இந்த வருஷம் ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சீருடை தெச்சேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரைக்கும் தெச்சேன். என் பிள்ளைக்கு மட்டும் வெட்டி வெச்சது வெட்டினபடியே கிடந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "ஒருவேளை எனக்கு ஏதாவது ஆயிட்டா, முதல் நாள் போட்டது அம்மா கையால தெச்சதுன்னு ஒண்ணு இருக்கட்டும்னு நினைச்சேன்."

கணவர் சிவப்புக் கோட்டைத் தாண்டக் காலெடுத்தார். டாக்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நூல் கோக்கறதுக்கு முன்னாடி நுனியை நாக்குல நனைப்பீங்க. தெச்சு முடிச்சா பல்லால கடிச்சு அறுப்பீங்க" என்றார் நிதானம் மேடம்.

"கத்திரிக்கோல் கொண்டு வரல. வழக்கமே அப்படித்தான், மேடம். இருபது வருஷப் பழக்கம்."

"எச்சில்ல இந்த மருந்து நிறைய வரும். முதல் ரெண்டு நாள் ரொம்ப. ஒவ்வொரு நூலோடயும் கொஞ்சம் கொஞ்சமா துணியில ஏறியிருக்கு. நேத்து வரைக்கும் தலையணை உறைக்குள்ள இருந்துச்சு. இன்னைக்குக் காலையில படுக்கை மாத்த வந்ததும் இழுப்பறைக்கு இடம் மாறிடுச்சு. அதே காலையில முக்காலி இல்லாம, மீட்டர் நேரா அது தலை மேல வந்து உக்காந்துச்சு. துணியில இருக்கறது கொஞ்சம்தான். ஆனா ஒரு சாண்கூட தூரம் இல்ல. அதான் உங்க உடம்புக்குச் சமமா சத்தம் போட்டுச்சு."

"போறப்ப பையை அளப்பீங்கன்னு தெரியும்" என்றார் தையல்காரம்மா. "இடுப்புல சுத்திக்கிட்டுப் போயிடலாம்னு இருந்தேன். அப்படிப் போயிருந்தா?"

"உடம்போட சேந்து ஒரே எண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும். கண்டுபிடிச்சிருக்க மாட்டோம். திங்கக்கிழமை பாப்பா போட்டுக்கிட்டிருப்பா. குழந்தைங்க கழுத்துத் துணியை வாயில வெச்சுக் கடிக்கும். மருந்து நேரா அவ தைராய்டுக்குப் போகும்."

தையல்காரம்மா சட்டையைக் கையிலிருந்து நழுவ விடுவது போல இழுப்பறையில் திரும்ப வைத்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகை முடிந்து கையை எடுத்தபோது முகம் தெளிந்திருந்தது.

"என் பிள்ளையைக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க, மேடம்."

"நான் கணக்குத்தான் போட்டேன். காப்பாத்தினது இவரு." மேடம் டெக்னீஷியனைக் காட்டினார். "நான் அளந்திருந்தா, முக்காலி வர்ற வரைக்கும் காத்திருந்திருப்பேன். பதினாலுன்னு வந்திருக்கும். கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், சட்டையோட. இன்னைக்கு இவரு அவசரத்துக்குத்தான் நன்றி சொல்லணும்."

டெக்னீஷியன் பேனாவை எடுத்துத் தாளில் 'கழுத்துவலி'யை அடித்துவிட்டார்.

மேசையை நடைக்குத் தள்ளிவிட்டு, ஸ்கேன் அறையிலிருந்து முக்காலியை வரவழைத்து மறுபடி அளந்தார்கள். பதினான்கு. மத்தியானம் எடுத்த ஸ்கேனில் கழுத்தில் சுரப்பி இருந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெரிந்தது. அதைத் தீர்க்கத்தான் மருந்தே கொடுத்தது. நுரையீரல் சுத்தம். டாக்டர் தானே நடந்து வந்து அதைச் சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சமிருந்த ஒரே சிக்கல் திங்கட்கிழமைச் சீருடை. கணவர் தன் அக்காவுக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி, கதவுக்கு வெளியே பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்து தையல்காரம்மா அளவு சொன்னார். நாத்தனாருக்கும் தையல் தெரியும். ஆனால் தன் அளவுக்குத் தெரியாது என்பது தையல்காரம்மாவின் நெடுநாள் கருத்து.

"அண்ணி, கழுத்தை ரொம்ப இறக்கிடாதீங்க. உங்க வழக்கத்துக்கு இறக்கிடுவீங்க."

"எனக்குத் தெரியும்டி. நீ முதல்ல வீடு வந்து சேரு."

"ஓரத்துல ரெண்டு இஞ்ச் உள்ள விடுங்க. வளர்ற பிள்ளை."

"நாலு இஞ்ச் விடறேன். போதுமா?" போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பாப்பா பக்கத்துலதான் நிக்குது. அம்மா வர்றாளான்னு கேக்குது. என்ன சொல்லட்டும்?"

"வர்றான்னு சொல்லுங்க, அண்ணி. வாசல்ல இருந்து பார்க்கலாம்னு சொல்லுங்க."

நீலச் சட்டை ஒரு பைக்குள் போய், பை ஒரு ஈயப் பெட்டிக்குள் போய், பெட்டி அடித்தளக் கிடங்கில் மூன்று மாதம் இருந்தது. எட்டு நாளைக்கு ஒருமுறை அதில் இருந்த கதிர் பாதியானது. மூன்றாவது மாதம் டெக்னீஷியன் அதை எடுத்து அளந்தபோது வெறுந்தரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. வாங்கிப்போகத் தையல்காரம்மா தானே வந்தார். பரிசோதனை முடிவுகள் நன்றாக இருந்தன. கழுத்துத் தழும்பு மெல்லிய கோடாகியிருந்தது. கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம்.

பிரித்தபோது உள்ளே ஒரு வெள்ளைக் கோட்டு இருந்தது. நிதானம் மேடம் வேண்டாம் என்று சொல்லி, பிறகு போட்டுப் பார்த்தார். தோள் தோளில் நின்றது. கை மணிக்கட்டில் முடிந்தது. இத்தனை வருஷத்தில் மருத்துவமனை கொடுத்த எந்தக் கோட்டும் அவருக்கு அப்படி உட்கார்ந்ததில்லை.

"அளவே எடுக்கலையே" என்றார் மேடம், தன் கையையே பார்த்துக்கொண்டு.

"நாலு நாளா நீங்க என்னை அளந்தீங்க" என்றார் தையல்காரம்மா. "நான் மட்டும் சும்மாவா உக்காந்திருந்தேன்?"